வாடகை வீட்டுச் சுவரும் ஆணியும்: ஒரு பன்முகப் பார்வை

சென்னையில் வீட்டை வாடகைக்கு விடுவோரின் நடைமுறைச் சிக்கல்களை முழுமையாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வு எல்லை: கூடத்துச் சுவர். கருதுகோள்: முடிவுகள் கிடைத்தபின் அவற்றுக்கு ஏற்ப வகுக்கப்படும்; இதுவே துறை மரபு.

வீட்டுக்காரரின் கேள்விகள் ஐவகை. முதலாவது அட்வான்ஸ். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. ஆகவே எல்லா வீட்டிலும் வேறு ஒப்பந்தம் இருக்கிறது. இரண்டாவது, மோட்டார் போடும் நேரம். மூன்றாவது, ஊரிலிருந்து வந்து திரும்பிப் போகாத உறவினர். நான்காவது, அசைவம், மூக்கு சார்ந்த துறையாதலால் விலக்கப்படுகிறது. ஐந்தாவது ஆணி.

ஆணி பற்றிய மூலபாடம் தெளிவானது: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது (ஒப்பந்தம், பத்தி 7). ஆனால் இதற்கு உரை வேறு: “அதெல்லாம் சும்மா எழுதுறது சார், நீங்க அடிச்சுக்கோங்க” (புரோக்கர், பைக்கில் அமர்ந்தபடி, ஹெல்மெட் கழற்றாத நிலையில், சில சொற்கள் தெளிவில்லை). பாடபேதமும் உண்டு: “சாமி படத்துக்கு ஒண்ணு, காலண்டருக்கு ஒண்ணு, அவ்வளவுதான்” (வீட்டுக்கார மாமி, மாடி பால்கனி, துணி உலர்த்தும் பொழுது; கீழ்வீட்டார் வழியாக வந்த திருந்திய பதிப்பில் கடிகாரத்துக்கும் அனுமதி காணப்படுவதாலும், அப்பதிப்பு கீழ்வீட்டார் கடிகாரம் வாங்கிய மாதத்திலேயே தோன்றியதாலும், அதை இடைச்செருகல் எனத் தள்ளலாம்). நச்சினார்க்கினியர் சொற்களை இடம்மாற்றி வலிந்து பொருள் கொண்டார் என்று குறை கூறுவோர், காலி செய்யும் நாளில் பத்தி 7க்கு வீட்டுக்காரர் சொல்லும் உரையைக் கேட்டதில்லை.

இனி விவாதத்துக்குரிய பகுதி. மேற்படி சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, சுவருக்கு வெள்ளையடிப்பதை வீட்டுக்காரர் பொறுப்பில் வைக்கிறது. ஊர் வழக்கமோ பெயிண்டுக்கு என்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடித்துக்கொள்கிறது. இந்த முரணை இதுவரை யாரும் தீர்க்கவில்லை. எமது துணிபு: தீர்த்து வைப்பது ஆணியே. குடியிருப்பவர் சேதம் செய்தால் அதை அட்வான்ஸில் கழிக்கலாம். சேதத்துக்கு ஆணி வேண்டும். ஆணி கட்டாயம் விழ வேண்டுமானால் அதைத் தடை செய்ய வேண்டும். தாராளமாக அடியுங்கள் என்று எழுதிக் கொடுத்த வீட்டுக்காரர் பெயிண்ட் காசைக் கைவிட்டவர். அப்படி ஒருவர் கள ஆய்வில் அகப்படவில்லை.

ஆணியின் காலக்கணிப்பு அடுத்த இடர்ப்பாடு. முன்பு குடியிருந்தவர் அடித்ததைத் தொல்லாணி என்க. அதன் தலையில் பச்சை டிஸ்டெம்பரும் அதன்மேல் ரோஸும் ஏறியிருக்கும். இரண்டு பெயிண்டுக்கு முந்தியது என்று குழந்தைக்கும் தெரியும். இருந்தும் ஒவ்வொரு குடித்தனமும் காலி செய்கையில் அதற்குத் தண்டம் கட்டுகிறது. மாடியில் போட்ட போர்ஷனைவிட இந்த ஒரு ஆணி வீட்டுக்காரருக்கு அதிகம் சம்பாதித்துக் கொடுத்திருக்கலாம் (காண்க: மூன்றாவது தெரு, இஸ்திரி வண்டிக்காரர் வாய்மொழி, கரி அணையும் நேரம், அவரும் அதே வீட்டில் குடியிருந்தவர் என்பதால் சார்புநிலை கருதி அடைப்புக்குறிக்குள் தரப்படுகிறது).

ஆணியைப் பிடுங்கி, ஓட்டையில் வெள்ளை டூத்பேஸ்ட் அப்பிவிட்டுச் சாவி கொடுக்கும் பள்ளியும் ஒன்று உண்டு. அனுபவமுள்ள வீட்டுக்காரர் சுவரை முகர்ந்து பார்க்கிறார். ஆகவே நான்காம் வகையில் விலக்கிய மூக்கை இங்கே மீண்டும் சேர்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. ஆய்வு எல்லை அதற்கேற்ப விரிந்ததாகக் கொள்க.

மேலாய்வுக்கு உரியது குழாய். அதே அட்டவணைப்படி வாஷர் மாற்றுவது குடியிருப்பவர் வேலை, பைப் மாற்றுவது வீட்டுக்காரர் வேலை. இரண்டுக்கும் நடுவே ஒழுகும் தண்ணீர் யாருடையது என்பதில் மூன்று முனைவர் பட்டங்களாவது தேறும். நெறியாளர்கள் தயார். எழுதித் தருபவர்கள் பல்கலைக்கழகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் இருக்கிறார்கள்; பைண்டிங் தனி.