பொருள்: மறுபடியும் காலி செய்யச் சொல்வது தொடர்பாக

அனுப்புநர்: ஜேம்ஸ் கே. போல்க், அமெரிக்காவின் 11-ஆவது ஜனாதிபதி (காலமானவர்), சட்டமன்ற வளாகம் (தற்காலிகம்), நாஷ்வில்.

பெறுநர்: கட்டடங்களைக் கவனிக்கும் அதிகாரி, டென்னசி மாநில அரசு.

ஐயா,

1849-இல் காலராவில் செத்தவனை ஊர் மயானத்தில் புதைத்தீர்கள். மறு வருடமே தோண்டி என் வீட்டுத் தோட்டத்துக்குக் கொண்டுபோனீர்கள். 1893-இல் அங்கிருந்தும் கிளப்பிச் சட்டமன்ற வளாகத்தில் வைத்தீர்கள். 2018 வாக்கில் கொலம்பியா ஊருக்கு அனுப்பலாமா என்று சபையில் விவாதம் வேறு. நாட்டைப் பசிபிக் கரைவரை நீட்டியவனுக்கு நிலையாக ஆறடி மண் இல்லை. (அதற்காக மண்ணைப் பறிகொடுத்த மெக்சிகோக்காரர்கள் சிரிப்பார்கள். அவர்களுக்கு உரிமை உண்டு.)

போகட்டும். நகர நடுவில் அரசு அலுவலகக் கோபுரம் எழுப்பி என் பெயர் வைத்தீர்களே, அதை நம்பினேன். கலை ஆர்வலர் மார்த்தா இங்க்ராம் அம்மையார் 1972 முதல் விடாமல் கேட்டதால் 1980-இல் அதன் கீழ்த்தளங்களில் நாடக அரங்குகள் திறந்தன. ஜனாதிபதி ஜாக்சன் பெயரிலான அரங்குக்கு 2,400 இருக்கைக்கு மேல். எனக்கு ஆயிரத்துச் சொச்சம். ஆண்ட்ரூ ஜான்சனுக்கு 250 சொச்சம். லிங்கன் நாடகம் பார்க்கப் போனதால் ஜனாதிபதியானவர் ஜான்சன். அவர் பெயரில் நாடக அரங்கு! உங்கள் அலுவலகத்தில் நகைச்சுவை உணர்வுள்ள குமாஸ்தா ஒருவராவது இருந்திருக்கிறார்.

மாலை ஐந்து மணிக்கு மேல்மாடிகளில் கோப்புகளை மூடிவிட்டு எல்லாரும் வீடு போவார்கள். கொஞ்ச நேரத்தில் கீழே ஜனம் சேரும். டிசம்பரில் நட்கிராக்கர் பாலே. சரிகைப் பாவாடை கட்டிய வாண்டுகள் அப்பா கையை இழுத்துக்கொண்டு வாசலில் நிற்கும். அரசாங்கக் கட்டடத்துக்குள் நுழைய மனிதர்கள் காசு கொடுத்து, அதுவும் சிரித்த முகத்தோடு வரிசையில் நின்றது இது ஒன்றுக்குத்தான். மேல்மாடிகளில் இந்த அதிசயத்தை எவரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

அடியிலிருந்த மாநில அருங்காட்சியகம் 2018-இல் தனி வீடு பார்த்துப் போய்விட்டது. இப்போது அரங்குகளையும் வேறிடம் பார்க்கச் சொல்லிவிட்டீர்கள். கம்பர்லாந்து ஆற்றின் கிழக்குக் கரை என்கிறார்கள். இடம் விசாலமாம், கட்டடம் கண்ணைப் பறிக்குமாம். எனக்கும் ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் சொன்னார்கள்.

தடுக்க மாட்டேன், பழகிவிட்டது. கோரிக்கை ஒன்றுதான்: அங்கே என் பெயரை அரங்குக்கு வைக்காதீர்கள், கார் நிறுத்துமிடத்துக்கு வையுங்கள். அதைக் காலி செய்யச் சொல்ல எந்த அரசுக்கும் துணிச்சல் வராது.

இப்படிக்கு,
ஜே. கே. போல்க்