மாநில விமானத்துக்கு ஒரு மனு

ஐயா, தமிழ்நாட்டுக்கு ஒரு குறை இருக்கிறது. வரையாடு, மரகதப்புறா, செங்காந்தள், பனை, பலா எல்லாம் மாநிலச் சின்னங்கள். 2019-ல் தமிழ் மறவன் பட்டாம்பூச்சிக்கும் அரசாணை போட்டாயிற்று. விமானம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலம், இரண்டாம் உலகப் போரில் வேவு பார்த்த பைப்பர் கப் ரகத்தை 2014-லேயே தன் விமானமாக அறிவித்துவிட்டது. நாம் மட்டும் என்ன இளைத்தவர்களா?

நான் முன்மொழிவது மிக்-21. 1963-ல் படையில் சேர்ந்து, 71 போரில் பேர் வாங்கி, 2025 செப்டம்பர் 26-ல் சண்டிகரில் ராணுவ மரியாதையோடு விடைபெற்றது. விபத்துகளில் ஏராளமான விமானிகளைக் காவு வாங்கியதால் அதற்கு ‘பறக்கும் சவப்பெட்டி’ என்றும் ஒரு பட்டம். அந்தப் பட்டத்தால்தான் அது விருதுநகர் மாவட்டத்துக்குச் சொந்தக்காரன் ஆகிறது. எங்களிடம் இருப்பவை பறக்காத ரகம்: பட்டாசு ஆலைகள். நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், டி.ஆர்.ஓ. லைசென்ஸ் என்று தினுசு தினுசாக உண்டு.

அறைக்கு நான்கு பேர் என்பது விதி. ஆலையோ அறை அறையாக உள்குத்தகைக்குப் போயிருக்கும். தீபாவளி ஆர்டர் நெருங்கினால் மரத்தடியிலும் சாக்கை விரித்து மருந்து செலுத்துவார்கள். கை, முகம், சேலை எல்லாம் அலுமினியப் பவுடர். வீட்டுக்குப் போய்த் தேய்த்துக் குளித்தாலும் நகக்கண்ணில் வெள்ளி மின்னும். வெடி விபத்தில் செத்தவர்கள், 2012-ல் முதலிப்பட்டியில் சுமார் 40 பேர். 2021-ல் அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல். 2024-ல் ராமுதேவன்பட்டியில் 10 பேர். அப்புறம் நடப்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கே மனப்பாடம்: போர்மேன் கைது, உரிமையாளர் தலைமறைவு, நிவாரண அறிவிப்பு, ‘உராய்வே காரணம்’ என்று அறிக்கை. இத்தனை சாவுக்கும் ஒரே குற்றவாளி உராய்வுதான். அதன் மீது இன்னும் குண்டர் சட்டம் பாயாததுதான் பாக்கி!

போர்ப் பாத்தியதையும் எங்களுக்கு உண்டு. இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டுப் பட்டாசு வரத்து நின்ற பிறகுதானே சிவகாசித் தொழில் தலையெடுத்தது? விமானி இறந்தால் தேசியக்கொடி போர்த்துகிறோம், வேண்டியதுதான். நாட்டின் தீபாவளிக்கு மருந்து அடைத்துச் செத்த அக்காமார்களுக்குப் போர்த்தலாம் என்றால், பல நேரம் உடலே முழுசாகக் கிடைப்பதில்லை.

அரசு முத்திரையில் இருப்பது எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் என்று பெருமை பேசும் மாவட்டம் இது. விமானத்தை நிறுத்தவும் இடம் தருவோம். பீடத்தில் பெயர் வெட்டும்போது மட்டும் முதலிப்பட்டியிலிருந்து தொடங்குங்கள். கல் பெரிதாக இருக்கட்டும்.

அதற்கு முன்னால் ஒரு சின்ன வேண்டுகோள். ஆய்வுக்கு வரும் அதிகாரிகளே, இந்தத் தடவையாவது ஆலைக்குப் போன் போட்டுச் சொல்லாமல் வாருங்கள்.