நாவற்பழம் என்று சொல்லக் கூச்சம்

தமிழ்நாட்டில் 'ஒயின் ஷாப்' என்று பெயர் பெற்ற இடத்துக்கு ஒயின் கேட்டு வருகிறவர் அபூர்வம். வீட்டில் உட்கார்ந்து சிவப்பு ஒயினை ருசி பார்க்கும் நம்மவர் அந்தக் கடைப் பக்கம் போகிறவரே அல்லர். கேட்டால், தாம் குடிப்பதில்லை, 'டேஸ்ட்' பண்ணுவதோடு சரி என்பார். பாட்டில் விமான நிலையத்து டியூட்டி ஃப்ரீயில் வாங்கியதாக இருக்கும், இல்லாவிட்டால் வெளிநாடு போய்வந்த மைத்துனர் கொடுத்தது. சிலி நாட்டுக் கார்மெனேர் என்று வைத்துக்கொள்வோம். பெயரை எப்படி உச்சரிப்பது என்ற சந்தேகத்தில் 'இந்த ஒயின்' என்றே சொல்லிச் சமாளிக்கிறார். கார்க் இருக்கும் என்று நம்பித் திறப்பான் வாங்கி வைத்திருந்தவருக்கு, சோடா பாட்டில் மாதிரி திருகு மூடியைப் பார்த்ததும் முதல் ஏமாற்றம். ஆறு வாங்கி இரண்டு மிஞ்சிய கண்ணாடிக் கோப்பைகளில் ஒன்றை எடுத்து, மூன்றில் ஒரு பங்கு ஊற்றி, தண்டைப் பிடித்துச் சுழற்றுகிறார். மேஜை விரிப்பில் இரண்டு சொட்டு. மின்கட்டண ரசீதின் வெள்ளைப் பக்கத்துக்கு நேரே சாய்த்து நிறம் பார்க்கிறார். கோப்பையின் உட்சுவரில் வழியும் கோடுகளைக் கண்டு "லெக்ஸ் பிரமாதம்" என்கிறார். ஆல்கஹால் ஆவியாகிப் பரப்பு இழுவிசை மாறுவதால் வரும் கோடுகள் அவை என்று ஜேம்ஸ் தாம்சன் 1855-லேயே விளக்கிவிட்டார். சாராயத்தை ஊற்றினாலும் வழியும். இத்தனையும் முடிந்து, வாயில் வைப்பதற்குச் சற்று முன்பு, பாட்டிலைத் திருப்பிப் பின்பக்க லேபிளைப் படிக்கிறார். அவர் கவிழ்வது இந்த இடத்தில்தான்.

இல்லாத வாசனையை இருப்பதாக அளக்கிறார் என்று ஊரார் அவரைக் கேலி செய்கிறார்கள். எனக்கு அது அநியாயமாகப் படுகிறது. மூக்கில் ஏறிய வாசனையை மதிக்காமல் விடுகிறாரே, வேடிக்கை அதில்தான் இருக்கிறது. "பிளாக்பெர்ரி, பிளம், கடைசியில லேசா சாக்லேட்" என்று கண்ணை மூடிக்கொண்டு அறிவிக்கிறார். பிளாக்பெர்ரியை அவர் ஒரு காலத்து செல்போனில்தான் பார்த்திருக்கிறார். அந்த நேரம் பார்த்து மனைவி வந்து கோப்பையை முகர்ந்து, "என்னங்க, குடமிளகாய் நறுக்கின மாதிரி வாசம் வருது?" என்று கேட்கிறார். நம்மவர் பரிதாபமாகச் சிரித்துவிட்டு, "இதெல்லாம் பழகணும்மா" என்கிறார். பழகாத மூக்கு சொன்னதுதான் சரி. குடமிளகாய்க்கு அந்த வாசத்தைத் தரும் பைரசீன் என்ற சேர்மமே கார்மெனேர் திராட்சையிலும் இருக்கிறது. பழம் நன்றாகப் பழுக்காமல் பறித்தால் இன்னும் தூக்கலாக இருக்கும். சரக்கை விற்க வேண்டியவர்கள் லேபிளில் குடமிளகாயைப் பற்றி எழுதுவார்களா?

கைதேர்ந்தவர்களே ஏமாறும்போது இவரை ஏன் குறை சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். ஏமாறுகிறார்கள் என்பது உண்மை. 2001-இல் போர்தோவில் ஃபிரெடெரிக் புரோஷே என்ற ஆய்வாளர், வெள்ளை ஒயினில் வாசனையில்லாத சிவப்புச் சாயத்தைக் கலந்து, ஒயின் பற்றியே படிக்கும் 54 மாணவர்களிடம் கொடுத்தார். அவர்கள் சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களாலேயே அதை வர்ணித்தார்கள். இதை வைத்து ஒயின் ரசனை முழுவதும் புரட்டு என்று சொல்லிவிடுவது சிலருக்கு வழக்கம். குடமிளகாய் வாசம் புரட்டில்லையே! கண் முந்திக்கொண்டால் மூக்கு அதன் பின்னால் போய்விடும் என்பதைத்தான் அந்தச் சோதனை காட்டுகிறது. அங்கே சாயம் செய்த வேலையை இங்கே லேபிள் செய்கிறது. ஒயின் இன்னதென்று தெரியாமல் விழிப்பதிலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. சிலிக்காரர்களே இந்தக் கார்மெனேரை மெர்லோ என்ற இன்னொரு திராட்சையாக நினைத்து வளர்த்து, மெர்லோ என்றே விற்றுக்கொண்டிருந்தார்கள். 1994-இல் பிரான்சிலிருந்து வந்த திராட்சைக்கொடி வல்லுநர் ழான் மிஷெல் பூர்சிகோ கொடியைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் அதன் பெயர் தெரிந்தது.

லேபிளுக்கு அடுத்தபடி அவரை ஆட்டிவைப்பது சட்டம். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில்தான் பருக வேண்டும் என்று எங்கோ படித்திருக்கிறார். அந்த அறை பழைய ஐரோப்பியக் கல்வீட்டு அறை. 16 முதல் 18 டிகிரி. சித்திரை மாதத்துச் சென்னையில் அது சுடுகஞ்சி. அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் போதும் என்று நாக்கு கெஞ்சினாலும் அவர் அசையமாட்டார்.

ஆளுக்கொரு சொல்லைச் சொன்னால் ஒருவர் பேச்சு இன்னொருவருக்கு எப்படி விளங்கும், பொதுச்சொற்கள் வேண்டாமா என்பது, கைதேர்ந்தவர்களே ஏமாறுகிறார்களே என்பதைவிட வலுவான கேள்வி. வேண்டும்தான். கலிஃபோர்னியாவின் டேவிஸில் பேராசிரியர் ஆன் நோபிள் 1980-களில் ஒயின் வாசனைச் சக்கரத்தை உருவாக்கியது அதற்காகத்தான். எல்லாரும் முகர்ந்து பார்க்கக்கூடிய பொருள்களின் பெயர்களை அவர் அதில் அடுக்கினார். அவர் ஊர்க் கடையில் அவை கிடைத்தன. நம் ஊர்க் கடையில் கிடைப்பவை வேறு. பிளாக்கரன்ட் பழத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: பைன் மரங்களுக்கு நோய் பரப்புகிறது என்று 1911 முதல் 1966 வரை அமெரிக்காவில் அந்தச் செடிக்குக் கூட்டரசுத் தடையே இருந்தது. ஒயினில் பிளாக்கரன்ட் மணப்பதாகச் சொன்ன அமெரிக்கர்களில் எத்தனை பேர் அந்தப் பழத்தைத் தின்றிருப்பார்கள்? நம்மவருக்கு இந்தக் கஷ்டம் இல்லை. 'டானின்' என்று ஆங்கிலத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி, அறுசுவையில் துவர்ப்பு என்று அவர் நாக்கில் சிறு வயதிலேயே ஏறிவிட்டது. வாழைப்பூ தெரியும், கொட்டைப்பாக்கு தெரியும். நாக்கை ஊதாவாக்கி இழுத்துப் பிடிக்கும் நாவற்பழம் தெரியும். அதன் நிறமிகளும் சிவப்பு ஒயினின் நிறமிகளும் ஒரே குடும்பம். உப்புத் தூவிய நாவற்பழம் மாதிரி இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்தத் தெருவில் அத்தனை பேருக்கும் அந்த ஒயின் விளங்கியிருக்கும். தள்ளுவண்டிப் பழத்தின் பெயரைச் சொன்னால் மைத்துனர் சிரிப்பாரே என்றுதான் தயங்குகிறார்.

அடுத்த பாட்டிலைத் திறக்கும் அன்பர்கள் பின்பக்க லேபிளில் ஒரு துணியைச் சுற்றிவிடுங்கள். முதல் வாய்க்கு என்ன தோன்றுகிறதோ அதைச் சொல்லுங்கள். வீட்டில் இருப்பவர்களிடமும் கேளுங்கள். மீதியை மூடி ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நாளைக்குள் தீர்த்துவிடுங்கள். அதற்கப்புறம் அது காடியாகப் புளிக்கத் தொடங்கிவிடும்.