ஒண்ணுமில்லை, ரசீது வாங்கிக்கோங்க

என் உடம்பில் எந்தக் கோளாறும் இல்லை என்று நிரூபிக்கும் ஃபைல் ஒன்று என்னிடம் இருக்கிறது. கனமான ஃபைல். அதைத் தூக்கிக்கொண்டு ஒரு மாடி ஏறத்தான் தெம்பில்லை. மூளை எம்.ஆர்.ஐ. நார்மல். கழுத்து எம்.ஆர்.ஐ. வயதுக்கேற்ற தேய்மானம். தைராய்டு நார்மல், சர்க்கரை நார்மல், நரம்பில் கரண்ட் வைத்துப் பார்க்கும் டெஸ்ட்டும் நார்மல். இத்தனை நார்மலான மனுஷி திருச்சி மாவட்டத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பாதத்தில் எறும்பு ஊர்கிறது. ராத்திரி போர்வை பட்டாலே கட்டைவிரல் காந்துகிறது. இடது கன்னம் சொல்லாமல் கொள்ளாமல் மதமதத்துப் போகிறது. காலையில் குளித்துத் தலை துவட்டுவதற்குள், அன்றைக்கு வேண்டிய தெம்பெல்லாம் தீர்ந்து கட்டிலைத் தேடுகிறேன். இவற்றில் எதுவும் ஃபைலில் கிடையாது. ஃபைலில் ஏறாதது உலகத்திலேயே கிடையாது என்பதுதான் இன்றைய மருத்துவ சாஸ்திரம்.

சாஸ்திரிகளுக்கு நேரமும் இல்லை. 67 நாடுகளில் டாக்டர் ஒரு நோயாளிக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குகிறார் என்று 2017இல் ஓர் ஆய்வுத் தொகுப்பு வந்தது. ஸ்வீடனில் இருபத்திரண்டரை நிமிடம், வங்கதேசத்தில் 48 விநாடி. இந்தியா இரண்டு நிமிடம், சொச்சம். நமக்கு அண்டை நாட்டைத் தோற்கடித்த பெருமையாவது மிச்சம். அந்த இரண்டு நிமிடத்தில் டாக்டருக்கு ஒரு போன் வரும், மருந்து கம்பெனி ரெப் தலையை நீட்டுவார், அடுத்த டோக்கன்காரர் கதவைத் திறந்து "சார், ஒரே ஒரு டவுட்" என்பார். மீதியில் நான் என் நரம்பு மண்டலத்தை விவரித்துக்கொள்ளலாம்.

கால் மரத்துப்போகிறது என்று வருகிறவரைச் சோதிக்கப் பெரிய சாமான்கள் வேண்டாம். சுத்தியல் ஒன்று, 128 ஹெர்ட்ஸ் இசைக்கவை ஒன்று, பாதத்தில் அழுத்திப் பார்க்கப் பத்து கிராம் நைலான் இழை ஒன்று, கொஞ்சம் பஞ்சு, ஒரு குண்டூசி. எம்.பி.பி.எஸ். படிக்கிற பிள்ளைகளுக்கே இதெல்லாம் தெரியும். நான் பார்த்த பெரிய டாக்டர்களில் யாரும் என் காலைக் குனிந்து பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றச் சொன்னவர், நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், வாசலில் நின்ற செக்யூரிட்டி அண்ணன் மட்டுமே. "செருப்பை வெளிய விடுங்கம்மா" என்று சொல்லிவிட்டு என் பாதத்தையும் ஒரு தடவை பார்த்தார். அவருக்கு நான் பீஸ் கொடுக்கவில்லை.

லேப் ரிப்போர்ட்டின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். முடிவை நோயாளியின் நிலையோடு பொருத்திப் பார்க்கவும் என்று அர்த்தம். லேப்காரர் கையைக் கழுவிவிட்டார். ஆளை டாக்டர் பார்த்துக்கொள்வார் என்று நம்புகிறார். டாக்டர் என்னைப் பார்ப்பதில்லை. ரிப்போர்ட்டைப் பார்க்கிறார், ஆளை லேப் பார்த்துவிட்டது என்று நம்புகிறார். இந்தப் பரஸ்பர நம்பிக்கைக்கு நடுவில் உட்கார்ந்து நான் ஜி.பே. செய்துகொண்டிருக்கிறேன்.

கரண்ட் டெஸ்ட் கதையைச் சொல்லியாக வேண்டும். பிளாஸ்திரி போட்டுக் காலில் ஒயர் ஒட்டி, கணுக்காலிலும் முழங்காலுக்குப் பின்னாலும் ஷாக் வைக்கிறார்கள். "லூஸா விடுங்கக்கா" என்கிறார் டெக்னீஷியன் தம்பி. அடுத்த ஷாக்கில் பாதம் என்னைக் கேட்காமலே எகிறுகிறது. கால் தோல் குளிர்ந்திருந்தால் நரம்பின் வேகம் குறைந்து காட்டும், ஆகவே காலைச் சூடாக வைத்துக்கொண்டு எடுக்க வேண்டும் என்பது இந்த டெஸ்ட்டின் பால பாடம். அறையில் ஏ.சி. பதினெட்டில் ஓடிக்கொண்டிருந்தது. கேட்டேன். "மெஷினுக்காகக்கா" என்றார். நியாயம்தான், மெஷினுக்கு உடம்பு சரியில்லாமல் போனால் என்ன செய்வது?

அந்தக் குளிரிலும் என் நரம்புகள் பாஸ். இங்கேதான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. அந்த மெஷின் பார்ப்பது உறை போர்த்திய தடித்த நரம்புகளை. காலில் அவை நொடிக்கு நாற்பது மீட்டருக்கு மேல் பாய்கிறவை. எரிச்சலையும் சூட்டையும் குத்தலையும் தூக்கிச் செல்பவற்றில் பெரும்பாலானவை உறையே இல்லாத மெல்லிய இழைகள். நொடிக்கு ஒரு மீட்டர், மிஞ்சினால் இரண்டு. அவை இந்த மெஷினுக்குத் தெரியவே தெரியாது. பைபாஸில் லாரிகளை எண்ணி முடித்துவிட்டு, ஊருக்குள் சந்தில் சைக்கிள்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று சான்றிதழ் கொடுக்கிற வேலை இது. மெல்லிழை நரம்பைப் பார்க்க, கணுக்காலுக்குப் பத்து சென்டிமீட்டர் மேலே மூன்று மில்லிமீட்டர் தோலை எடுத்து, அதில் நரம்பு நுனிகளை எண்ண வேண்டும். இப்படி ஒரு டெஸ்ட் இருக்கிறதே என்று ஒரு நரம்பியல் நிபுணரிடம் மெல்லக் கேட்டேன். "நெட்ல படிச்சீங்களா?" என்றார். படித்தேன் என்றேன். "அதாம்மா உங்க வியாதி" என்றார். எந்தக் கருவியும் இல்லாமல் அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார். ஸ்வீடன் பிச்சை வாங்க வேண்டும்.

பி12 பற்றிக் கேட்டதற்கு இன்னொருவர், ஹீமோகுளோபின் நன்றாக இருக்கிறது, அப்புறம் எப்படி பி12 குறையும் என்று என்னையே திருப்பிக் கேட்டார். பி12 குறைவால் நரம்பு, மனநலத் தொந்தரவு வந்த 141 பேரில் 40 பேருக்கு ரத்தசோகையோ பெருத்த சிவப்பணுவோ இல்லவே இல்லை என்று நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் கட்டுரை வந்தது 1988இல். அந்த ஆண்டில் பிறந்த பிள்ளைகள் இன்று மருத்துவமனைகளில் துறைத் தலைவர்கள். கட்டுரை இன்னும் திருச்சி வந்து சேரவில்லை, கூட்ஸ் வண்டியில் அனுப்பினார்கள் போல. பக்கத்து வீட்டு அத்தைக்கு வருஷக்கணக்காக மெட்ஃபார்மின். அந்த மாத்திரை பி12ஐக் குறைக்கும், அறிகுறி இருந்தால் அளவு பாருங்கள் என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022இல் டாக்டர்களுக்குச் சொன்னது. அத்தை கால் எரிகிறது என்று சொன்னபோது இங்கே கிடைத்த பதில், "வயசாச்சில்ல?"

கண்டுபிடிக்கத்தான் நேரமில்லையே தவிர, மருந்து எழுதத் தாராளமாக இருக்கிறது. எரிச்சலுக்கு என்று ஒரு காப்ஸ்யூல் கொடுத்தார்கள். விழுங்கினால் மத்தியானம் வரை கண் சொருகும். அசதி கூடிவிட்டதே என்றால், "அந்த மாத்திரைக்கு அசதி இருக்கும்மா" என்று பதில். அப்படியானால் நிறுத்தலாமா? "நிறுத்தினா எரிச்சல் வரும்." எரிச்சல் இப்போதும் இருக்கிறதே? "அப்ப டோஸ் கூட்டுவோம்."

போதாததற்குச் சத்து மாத்திரைகள். ஒரு டாக்டர் எழுதியதை அடுத்தவர் தொடுவதில்லை. அது தொழில் மரியாதை. மேலே தன் பங்குக்கு ஒன்று சேர்ப்பார். ஒரு நாள் எல்லா அட்டைகளையும் மேஜையில் பரப்பி, லென்ஸ் வைத்து அட்டையின் பின்பக்கத்தைப் படித்தேன். மூன்று பெயர், மூன்று நிறம், மூன்று விலை. உள்ளே மூன்றிலும் பி6. இந்த பி6ஐ அளவு கடந்து விழுங்கினால் அதுவே கை கால் நரம்பைக் கெடுத்து மரத்துப்போக வைக்கும். ஏழு பேருக்கு அப்படி ஆனதை 1983லேயே எழுதி வைத்திருக்கிறார்கள், அவர்கள் விழுங்கியது கிராம் கணக்கில். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் வைத்த தினசரி உச்சவரம்பு 12 மில்லிகிராம். என் மேஜையின் கூட்டுத்தொகை அதைத் தாண்டியிருந்தது. நரம்புக்கு நல்லது என்று மெடிக்கல் ஷாப் பையன் சீட்டே இல்லாமல் அட்டை அட்டையாக எடுத்துக் கொடுக்கிற ஊர் இது. நரம்பு இருந்தால்தானே கெடும், என் நரம்பைத்தான் யாரும் பார்த்ததே இல்லையே.

எல்லாம் தீர்ந்தபின் கடைசி ஆயுதம் வெளியே வரும். "வீட்ல ஏதாச்சும் டென்ஷனா?" கேள்வி என்னிடம் வராது, கூட வந்த கணவரிடம் போகும். அவர் கூரையைப் பார்ப்பார். கல்யாணமாகாத பெண் என்றால் கல்யாணம் பண்ணி வையுங்கள்; ஆனவள் என்றால் குழந்தை; குழந்தை இருந்தால் தூரம் நிற்கிற வயசு. பெண்ணின் நரம்புக்குத் தனியாக வியாதி வர உரிமை கிடையாது. என் அலுவலக நண்பர் ஒருவருக்கும் இதே மதமதப்பு. அவரை முதல் தடவையே எம்.ஆர்.ஐ.க்கு அனுப்பிவிட்டார்கள். டென்ஷன் இருக்கிறதா என்று அவர் மனைவியிடம் யாரும் கேட்கவில்லை.

இது நம்மூர்ப் புத்தி மட்டும் என்று நினைக்க வேண்டாம். 1955இல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் 292 ஊழியர்கள் விழுந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். மரத்துப்போதல், தசை பலவீனம், எழுந்திருக்க முடியாத சோர்வு. மருத்துவமனையையே மூட வேண்டியதாயிற்று. 1969இல் உலக சுகாதார நிறுவனம் இந்த நோயை நரம்பு நோய்களின் பட்டியலில் சேர்த்தது. அடுத்த ஆண்டே இரண்டு மனநல மருத்துவர்கள் பழைய கேஸ் தாள்களைப் புரட்டி, இது கூட்டு ஹிஸ்டீரியா என்று எழுதினார்கள். நோயாளிகளை அவர்கள் பேட்டி காணவில்லை. பெண்கள் அதிகம் பாதிக்கப்பட்டதே அவர்களுக்குச் சாட்சியாகிவிட்டது. விழுந்தவர்களில் டாக்டர்களும் நர்சுகளும் உண்டு. அவர்கள் பேச்சே எடுபடவில்லை என்றால் உதவியாளர் நிலையில் இருக்கிற நான் எந்த மூலைக்கு? இத்தகைய நோயாளிகளுக்கு உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டும் சிகிச்சையைப் பிரிட்டனின் வழிகாட்டுக் குழு கைவிடவே 2021 ஆனது. எனக்குப் போன மாதமும் எழுதித் தந்தார்கள்: தினமும் முக்கால் மணி நேரம் வாக்கிங்.

உறவினர்களை விட்டுவிடுகிறேன். வெந்தயம், முருங்கைக் கீரை, திருஷ்டி. அவர்கள் காசு கேட்கவில்லை.

டி.வி.யில் வருகிற வைத்தியர்களை விட முடியாது. ராத்திரி பத்தரைக்கு மேல் சேனல் சேனலாக நரம்புத் தளர்ச்சிதான். "இளமையில் அறியாமல் செய்த தவறா?" என்று ஜிப்பாக்காரர் கேட்கிறார், மாதாமாதம் எந்தத் தேதியில் எந்த ஊர் லாட்ஜில் என்ன ரூம் நம்பர் என்று கீழே ஓடுகிறது. இப்படி விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. அதன் அட்டவணையில் இருக்கிற 54 நோய்களில் நரம்புத் தளர்ச்சி உண்டு, நரம்பு மண்டலக் கோளாறு தனியாகவும் உண்டு. சட்டம் அலமாரியில், வைத்தியர் லாட்ஜில். இதனால் எனக்குக் கிடைத்த லாபம், நரம்பில் பிரச்னை என்று ஆபீசில் வாயைத் திறந்தால் நாலு பேர் உதட்டைக் கடித்துச் சிரிப்பதுதான்.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்பீர்கள். வெளிநோயாளியாகப் பார்த்த டெஸ்ட்டுக்கு என் பாலிசியில் பணம் இல்லை. சரி என்று இரண்டு நாள் அட்மிஷன் போட்டு எல்லாவற்றையும் எடுத்தால், கிளெய்ம் திரும்பி வருகிறது: பொது விலக்கு எண் 04. நோயைக் கண்டறிவதற்கும் பரிசோதனைக்கும் மட்டுமே சேர்ந்திருந்தால் பணம் கிடையாது. ஒழுங்குமுறை ஆணையமே எல்லாக் கம்பெனிகளுக்கும் வகுத்துக் கொடுத்த வாசகம். ஓய்வுக்காகச் சேர்ந்தேன் என்று சொல்லலாமா என்று பார்த்தால் அது எண் 05. ஆக, என்ன நோய் என்று தெரிந்த பிறகு சேர வேண்டும். தெரிந்துகொள்வது என் சொந்தச் செலவு. பெயரோடு வருகிற நோயாளிக்குத்தான் பிரீமியத்துக்கு மரியாதை.

கடைசியில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். காலையில் சீட்டு வாங்கி, பெஞ்சில் சாய்ந்து, மத்தியானம் உள்ளே கூப்பிட்டார்கள். மேற்படிப்பு படிக்கும் சின்னப் பெண், கண்ணுக்குக் கீழே கருவளையம். செருப்பைக் கழற்றச் சொன்னது. பஞ்சால் தொட்டது, ஊசியால் குத்தியது, கண்ணை மூடிக்கொண்டு நிற்கச் சொன்னது, இசைக்கவையைத் தட்டிக் கணுக்கால் எலும்பில் வைத்து "எப்ப நிக்குதுன்னு சொல்லுங்கம்மா" என்றது. பி6 மாத்திரைகளை நிறுத்தச் சொன்னது. பிறகு சொன்னது: "இருக்கும்மா. ஊசி குத்தறது உங்களுக்குப் பாதத்துல சரியாத் தெரியல. ஆனா என்ன காரணம்னு எனக்கு இப்பத் தெரியல. அந்தத் தோல் டெஸ்ட் இங்க இல்ல, எங்க எடுப்பாங்கன்னு விசாரிச்சுச் சொல்றேன்." இத்தனை வருஷமாக இவ்வளவு பணம் கொட்டியும் கிடைக்காத வாசகத்தை, "தெரியல" என்பதை, ஐந்து பைசா வாங்காமல் அந்தப் பெண் கொடுத்துவிட்டது. சீட்டிலும் அப்படியே எழுதியது: பாதங்களில் உணர்வுக் குறைவு, காரணம் ஆராயப்படுகிறது, ஓய்வு தேவை.

அந்தச் சீட்டை வைத்து மருத்துவ விடுப்புக்கு எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில், நோயின் பெயர் குறிப்பிடப்படவில்லை, உரிய பெயருடன் மீண்டும் சமர்ப்பிக்கவும் என்று குறிப்பு. கண்காணிப்பாளரிடம் போய் நின்றேன். நல்ல மனுஷர், கெட்டவர் இல்லை. குரலைத் தணித்தார். "காரணம் தெரியலைன்னு எழுதினா ஆடிட்ல மாட்டும் மேடம். பேசாம வைரல் ஃபீவர்னு ஒரு சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்க. ஒரு வாரம் நான் போட்டுத் தரேன்."

எனக்கு ஜுரமே இல்லையே சார் என்றேன்.

"அதப் பத்தி என்ன? பஸ் ஸ்டாண்ட் பின்னால நம்ம டாக்டர் ஒருத்தர் இருக்காரு, இருநூறு ரூபா. ஆனா பதினொரு மணிக்குள்ள போயிடணும். அதுக்கு மேல அவரு உக்கார மாட்டாரு, பாவம், அவருக்கு ரொம்ப அசதி."