விம்மைவிட்டு வெளியேறுதல்: ஓர் ஆராய்ச்சி

"புகுதல் தானே நிகழும், போதல் கற்றே ஆகவேண்டும்" என்பது சூத்திரம். இச்சூத்திரம் என்னுதலிற்றோ எனின், விம் என்னும் கட்டற்ற எடிட்டரைத் திறந்துவிட்டு மூடத் தெரியாமல் விழிக்கும் மாந்தரின் நிலை உணர்த்துதல் நுதலிற்று.

அத்தகையோர் சிலரே என்று கருதற்க. விம்மிலிருந்து வெளியேறுவது எப்படி என்று ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் 2012இல் ஒருவர் கேட்ட கேள்வி, 2017 மே மாதத்துக்குள் பத்து லட்சம் முறை பார்க்கப்பட்டுவிட்டது. இவ்விடத்தில் அபிமன்யுவை இழுப்பது வழக்கம். பொருந்தாது. அவனுக்கு உள்ளே போகவாவது தெரிந்திருந்தது. இங்கேயோ கிட்டில் கமிட் செய்ய வந்த அப்பாவியை, வேறு எடிட்டர் குறித்துவைக்காத குற்றத்துக்காக, கிட்டே பிடித்து உள்ளே தள்ளிவிடுகிறது.

நோய்முதல் நாடுவோம். பெர்க்லியில் பில் ஜாய் 1976இல் விம்மின் முன்னோடியான விஐயை எழுதிய ஏடிஎம்-3ஏ முனையத்தில் தனி அம்புக்குறி விசைகள் இல்லை. எச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அம்புகளை அச்சிட்டிருந்தார்கள். வீட்டில் அவருக்கிருந்த மோடமோ 300 பாட். ஆகவே சிக்கனம்: ஒரே விசை ஒரு முறைமையில் எழுத்து, இன்னொன்றில் கட்டளை. முறைமை மாற்றும் எஸ்கேப் விசை இன்றைய டேப் இருக்குமிடத்தில், சுண்டுவிரல் எட்டும் தூரத்தில் இருந்தது. பிற்காலத்தார் அதை மூலைக்குத் தள்ளிவிட்டுப் பழியை எடிட்டர்மேல் போட்டார்கள். 1991இல் பிராம் மூலனார் அமிகா கணினிக்கு வெளியிட்ட விம், இந்தச் சொத்தை அப்படியே சுவீகரித்தது. இன்று லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றிலும் பேதமின்றி மாட்டிக்கொள்ளலாம்.

தடை: முகப்புத் திரையிலேயே வெளியேறும் வழி எழுதியிருக்கிறதே?

விடை: இருக்கிறது, உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவும்படி வேண்டுகோளும் அங்கேயே இருக்கிறது. ஆனால் கோப்பு ஏதும் இல்லாமல் திறந்தால்தான் அத்திரை வரும். வேலையோடு வருபவனுக்கு வராது.

பிற மரபுகள். நானோ தன் வாசலைத் திரையின் அடியிலேயே எழுதிவைத்திருப்பதால் ஆய்வாளனுக்கு அதில் வேலையில்லை. ஈமேக்ஸில் கன்ட்ரோல்-எக்ஸ், கன்ட்ரோல்-சி. அதன் தந்தை ரிச்சர்ட் ஸ்டால்மன் வேடிக்கையாகத் துறவி வேடமிட்டு, கட்டற்ற விஐயைப் பயன்படுத்துவது பாவமல்ல, பிராயச்சித்தம் என்று தீர்ப்பளித்தவர். இத்துறையில் அதைவிடக் கூரிய உரை எனக்குக் கிடைக்கவில்லை.

வெளியேறுவது ஒரு பிரச்சினை என்பதை எதிர்க்கட்சியும் ஒப்புக்கொண்டாயிற்று. 64 பிட் விண்டோஸின் கட்டளைத் திரைக்கென 2025இல் எடிட் என்னும் திறமூல எடிட்டரை வெளியிட்ட மைக்ரோசாஃப்ட், அதில் முறைமைகளே வேண்டாம் என்று முடிவுசெய்ததற்குச் சொன்ன காரணங்களில் விம்மிலிருந்து வெளியேறும் கேள்வியும் ஒன்று.

இதை உள்ளே மாட்டிக்கொண்ட நிலையில் படிப்பவர் கவனத்துக்கு: எஸ்கேப், பிறகு முக்காற்புள்ளி, கியூ, ஆச்சரியக்குறி, என்டர். எழுதியது போய்விடும். அது வேண்டுமானால் கியூவுக்கு முன் ஒரு டபிள்யூ சேர்த்து, ஆச்சரியத்தை விட்டுவிடவும்.