புல்லுக்கு வாய்த்த ஆண்மை

1828-இல் பாரிசில் தொடங்கப்பட்ட கெர்லன் நறுமண இல்லம், அக்குடும்பத்தின் இளம் வாரிசான ழான்-போல் கெர்லனின் படைப்பாக, 1959-இல் 'வெட்டிவேர்' என்ற பெயரிலேயே ஆண்களுக்கான திரவியம் ஒன்றை உருவாக்கியது. மர வகை வாசனைகளின் செவ்வியல் சான்றாக இன்றும் போற்றப்படும் அதன் அடிமணம், அதாவது எலுமிச்சை இனப் பழங்களின் மேல்மணம் ஆவியான பின்னும் தோலில் தங்கும் வாசம், மரத்திலிருந்து வருவதன்று. ஒரு புல்லின் வேரை நீராவியில் நெடுநேரம் வடித்து எடுக்கப்படும் எண்ணெயிலிருந்து வருவது. புல்லை மரமாக்கும் அதிகாரம் தாவரவியலாருக்கு இல்லை. நறுமணக் கலைஞருக்கு உண்டு. அத்துடன் புகையிலையும் சாதிக்காயும் மிளகும் சேர, அந்தப் புல் கனவானாகவும் ஆகிவிடுகிறது.

அதே வேரைப் பானைத் தண்ணீரில் ஊறவிட்டுக் குடித்தும், தட்டியாகப் பின்னி நீர் தெளித்துக் கோடை வெக்கையைத் தணித்தும், சீயக்காயோடு சேர்த்து அரைத்தும் பயன்படுத்திய தமிழ்நாட்டு வீடுகள், அதில் ஆண்மை ஒளிந்திருந்ததை ஏனோ கவனிக்கத் தவறின. பெண்களும் அதை முகரலாம் என்பதைப் பாரிசு காலம் தாழ்த்தியே உணர்ந்து, அவர்களுக்கெனத் தனியொரு வெட்டிவேரைப் பின்னர் விற்பனைக்கு அனுப்பியது.

குடும்ப மரபு என்று விளம்பரங்கள் உருகும் அந்த இல்லத்தை, ஷாம்பெயினும் கைப்பையும் விற்கும் எல்விஎம்ஹெச் குழுமம் 1994-இல் விலைக்கு வாங்கிக்கொண்டது. இவ்வாறு வாங்கப்படும் மரபைக் கணக்காளர்கள், தொட்டறிய இயலாத உடைமை என்னும் பொருளில், புலனாகாச் சொத்துகளின் வரிசையில் எழுதிவைப்பர்.