வரவேற்பறைக் கடலுக்கு நீர்ப்பாசனம்

கால் இல்லாத ஜீவனை வளர்ப்பது சுலபம் என்று நினைத்துத்தான் பவளத் தொட்டி வைத்தேன். நாய் என்றால் தினமும் கீழே இறக்கி நடத்த வேண்டும். சிங்கப்பூரில், எங்கள் தெம்பனிஸ் அடுக்குமாடியில், அதற்கு லிஃப்டுக்கு வேறு காத்திருக்க வேண்டும். பவளம் ஒட்டிய இடத்திலேயே கிடக்கும். அது நடக்காததால் எல்லாம் அதன் வாசலுக்கு நடந்துவர வேண்டும் என்பது பிறகுதான் புரிந்தது. சாப்பாட்டைத் தண்ணீர் கொண்டுவர வேண்டும், கழிவைத் தண்ணீர் கொண்டுபோக வேண்டும். அதன் உடம்புக்குள் குடியிருக்கும் பாசி பகலில் தயாரிக்கிற ஆக்சிஜன் அங்கேயே தேங்கினாலும் ஆகாது. அதையும் ஓட்டம்தான் வாரிக்கொண்டு போக வேண்டும்.

மூன்றடித் தொட்டி, 180 லிட்டர். மணிக்கு 9,000 லிட்டர் தள்ளும் வேவ்மேக்கர் என்கிற பம்பை மாட்டினேன். கணக்குப்படி தொட்டித் தண்ணீர் மணிக்கு 50 சுற்று. அக்ரோபோரா மாதிரிக் கிளைப்பவளங்களுக்கு அத்தனை ஓட்டம் பிடிக்கும் என்று படித்திருந்தேன். படித்ததில் பிழையில்லை. என்னிடம் இருந்ததோ ஒரே ஒரு அக்ரோபோரா, கட்டைவிரல் அளவில்.

சுவிட்சைப் போட்டதும் மணல் எழுந்தது. அரைமணி நேரத்தில் ஒரு மூலையில் அடிக்கண்ணாடி தெரிந்தது. எதிர்மூலையில் கொள்ளிடத்து மணல்திட்டு. டார்ச் கோரல் என்று ஒன்று உண்டு. விரல் விரலாக நீண்டு நுனியில் மினுங்கும். என்ன விலை என்று மனைவிக்குத் தெரியாது. அதனால் இங்கேயும் எழுதவில்லை. அதன் விரல்களெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகிறவர் தலைமுடி போல ஆகிவிட்டன. அப்படியே விட்டால் எலும்பு விளிம்பில் உரசிச் சதை கிழியும். வேகத்தைக் குறைத்தேன். டார்ச் மலர்ந்தது. ஆனால் லெதர் கோரல் என்ற இன்னொரு பவளம் மேல்தோலை மெழுகுத்தாள் மாதிரி உரித்துவிட்டு, அதை உதற ஓட்டமில்லாமல், பொன்னாடை போர்த்திய தலைவர் போல அசையாமல் உட்கார்ந்திருந்தது. கூட்டினேன். மறுபடி டார்ச். எங்கள் வீட்டு ஃபேன் ரெகுலேட்டர்கூட இவ்வளவு திருகல் வாங்கியதில்லை.

நடுவில் ஒரு மாதம் பம்ப் தானாகவே சோர்ந்துபோனது. கழற்றினால் உள்விசிறி முழுக்கச் சுண்ணாம்பு. வினிகரில் அரைநாள் ஊறப்போட்டேன், பளிச்சென்று ஆகிவிட்டது. எந்தப் பாத்திரத்தில் ஊறப்போட்டேன் என்பதில்தான் தகராறு. “ஏங்க, இது இட்லிமாவுக் குண்டான்!”

அந்தச் சமயத்தில் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து அம்மா வந்தார். தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு இரண்டு நாள் பேசாமல் பார்த்தார். மூன்றாம் நாள் கேட்டார்:

“பம்புசெட்டுத் தண்ணி விழற எடத்துல எதுக்குடா கல்லு போடுறோம்?”

“மண்ணு அரிக்காம இருக்க.”

“அப்ப இதை மட்டும் ஏன் நேரா நாத்து மேல அடிக்கிற?”

வேவ்மேக்கரை முன்கண்ணாடிப் பக்கம் திருப்பினேன். ஓட்டம் கண்ணாடியில் மோதிச் சிதறி, எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியாதபடி சுழன்று வந்தது. டார்ச்சின் விரல்கள் ஒரு தடவை இப்படி, ஒரு தடவை அப்படி. இரண்டு நாளில் லெதர் கோரலின் பொன்னாடை கிழிந்து மிதந்தது. கோமாளி மீன் ஓடிவந்து கவ்வி, உடனே துப்பியது. ஓட்டத்தை இப்படிச் சிதறவிட வேண்டும் என்று நானும் படித்ததுதான். அடிக்கோடுகூடப் போட்டிருந்தேன்.

அம்மா ஊருக்குப் போனபின், பாறைக்குப் பின்னால் ஓட்டம் எட்டாத மூலையில் அழுக்கு தங்கிச் சிவப்பாக, வழவழவென்று ஒரு படலம் கிளம்பியது. போனில் முறையிட்டேன்.

“எல்லா வயல்லயும் தண்ணி ஏறாத மூலை ஒண்ணு இருக்கும்டா. அங்க போய் நெல்லு போடுவியா? உங்க தாத்தா எள்ளுதான் போட்டாரு.”

படலத்தைக் குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு, ஓட்டம் அதிகம் பிடிக்காத காளான் பவளம் ஒன்றை வாங்கிவந்து அங்கே ஒட்டினேன். கைதுடைக்கத் துண்டு கொடுத்த மனைவி, “இது எவ்வளவு?” என்றாள்.

“எள்ளு” என்றேன்.